வாசகர் கடிதம்: பதினான்கு நாள் கென்யா

வணக்கம் ஐயா,

என் மகள் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் தாதியியல் பட்டப்படிப்பு படிக்கிறாள், மூன்றாம் வருடம். அவளுடைய வகுப்புக்கு ஒரு முகவர் நிறுவனத்தார் வந்து, கென்யாவுக்கு 14 நாள் 'மருத்துவ அனுபவப் பயணம்' என்று விளக்கம் சொல்லிப் போயிருக்கிறார்கள். ஆறரை இலட்சம் ரூபா. விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, ஒரு நாள் சஃபாரி எல்லாம் அதற்குள் அடக்கமாம். இங்கே கிடைக்காத வாய்ப்பு, பிரசவம் பார்க்கலாம், தையல் போடலாம் என்கிறார்கள். பிறகு இங்கிலாந்து போவதற்கும் இந்தச் சான்றிதழ் உதவுமாம். வகுப்பில் பதினொரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஏழு கிழமையில் பயணம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அரைவாசிக் காசு கட்ட வேண்டும். இவளுடைய அப்பா வேண்டாம் என்கிறார், காரணம் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அனுப்ப விருப்பம், எனக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. எதைப் பார்க்க வேண்டும், என்ன ஊசிகள் போட வேண்டும்?

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமை காசு கட்ட வேண்டாம். போகவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் மகள் அங்கே என்னென்ன செய்யக் கூடாது என்று எழுத்தில் தராத பயணத்துக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். என்னென்ன செய்யலாம் என்று எல்லா முகவர்களும் சொல்வார்கள்.

முதலில் நாட்களை எண்ணுங்கள். போகவும் வரவும் இரண்டு நாள். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. சஃபாரி இதற்குள் வந்துவிடும். அறிமுகக் கூட்டமும் வைத்தியசாலையைச் சுற்றிக் காட்டுவதும் ஒரு நாள். மிச்சம் ஏழு. நாளுக்கு ஐந்து மணித்தியாலம் வாட்டில் நின்றாலும் மொத்தம் 35 மணித்தியாலம். ஆறரை இலட்சத்தை அதால் பிரித்தால் மணித்தியாலத்துக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். அந்தக் காசில் வைத்தியசாலைக்கு எவ்வளவு, அங்கே கற்பிக்கிறவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வந்தால் நல்ல அறிகுறி. "எல்லாம் பக்கேஜில் அடக்கம்" என்றால் அந்த வாட்டுத் தாதிமாருக்கு இதில் ஒன்றுமே போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியான இடத்தில் வெளியிலிருந்து வரும் மாணவியைச் சுமையாகத்தான் பார்ப்பார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை.

இனிப் பிரசவம். கொழும்பில் உங்கள் மகளைத் தனியாகப் பிரசவம் பார்க்க விடாததற்குக் காரணம், அவளுக்கு இன்னும் அந்தக் கை வரவில்லை என்பதுதான். நைரோபியில் இறங்கியவுடன் அது வந்துவிடாது. பிரசவத்தில் பெரிய ஆபத்துப் பலநேரம் பிள்ளை வெளியே வந்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் கருப்பையைச் சுருக்கும் ஒக்சிரோசின் ஊசி 10 அலகு போக வேண்டும், நச்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பார்க்க வேண்டும், இரத்தத்தை அளக்க வேண்டும். 500 மில்லிலீற்றர் தாண்டினால் அது ஆபத்தான இரத்தப்பெருக்கு. துணியிலும் மெத்தையிலும் ஊறிய இரத்தம் கண்ணுக்கு எப்போதும் குறைவாகவே தெரியும். பழகிய மருத்துவிச்சியே ஏமாறுவதுண்டு. பக்கத்தில் படம் எடுக்கும் நான்கு மாணவிகளும் நின்றால் அந்த மருத்துவிச்சி தாயைப் பார்ப்பாளா, இவர்களைப் பார்ப்பாளா?

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அதே விளம்பரத்தில் கென்யா என்ற இடத்தில் கொழும்புக் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை என்று போட்டுப் படியுங்கள். வெளிநாட்டு மாணவி ஒருத்தி இரண்டு கிழமைக்கு வந்து, தமிழும் சிங்களமும் தெரியாமல், உங்கள் தங்கையின் பிரசவத்தில் தையல் போடுகிறாள். சம்மதிப்பீர்களா? உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லத் தெரியாத காரணம் இதுவாக இருக்கலாம். இத்தகைய பயணங்களுக்கென 2010 இல் வெளியான 'வெயிட்' (WEIGHT) அறநெறிப் பணிக்குழுவின் வழிகாட்டி நெறிகளும் இதைத்தான் நீட்டிச் சொல்கின்றன: அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம், போகும் மாணவர் ஆகிய மூவருக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு, ஏற்கும் இடத்துக்கு ஆகும் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கடிதம் முகவருடையது இல்லை. ஏற்கும் வைத்தியசாலையின் தலைப்புக் கடிதத்தாளில், மேற்பார்வையாளரின் பெயர், பதவி, பதிவிலக்கம், எந்த வாட்டு, எத்தனை மணிக்கு என்று இருக்க வேண்டும். கீழே மூன்று பட்டியல்: பார்க்க மட்டும், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது செய்ய, ஒருபோதும் செய்யாதிருக்க. இரண்டாவது பட்டியலில் இங்கே வாட்டில் கையொப்பம் வாங்கி முடித்தவை மட்டும் வரலாம்: நாடி, இரத்த அழுத்தம், கட்டு மாற்றுதல், படுக்கையில் குளிப்பாட்டுதல் போன்றவை. மகளின் நிறுவனத்திலும் ஒருவர் அதில் கையொப்பமிட வேண்டும். நிறுவனம் "இது மாணவர்களின் தனிப்பட்ட பயணம்" என்று கையை விரித்தால், வகுப்பறைக்குள் முகவரை விட்டது யார் என்று கேளுங்கள்.

காப்புறுதியில் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பெட்டி தொலைந்தால், காய்ச்சல் வந்தால் பணம் தரும். நோயாளிக்குக் கேடு நேர்ந்தால் வரும் பொறுப்பு அதில் சேர்வதில்லை. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி மகளின் கையில் குத்தினால் ஆகும் செலவும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் கிடக்கும். பத்திரத்தின் கடைசிப் பக்கங்களை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

ஊசி குத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குத்தினால் உடனே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும். அமத்திப் பிழியக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக, முடிந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள், எப்படியும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அதாவது 14 நாள் பயணத்தில் குத்தினால் மிச்ச மருந்தை இங்கே வந்து முடிக்க வேண்டும். "இரவு ஒன்பது மணிக்கு, சனிக்கிழமை, அந்த மருந்து எந்த அறையில் இருக்கும், சாவி யாரிடம்?" என்ற ஒரே கேள்வியை முகவருக்கு அனுப்பிப் பாருங்கள். பதில் இல்லையென்றால் பயணமும் இல்லை. கையுறை தட்டுப்பாடான இடங்கள் உண்டு. அளவான நைட்ரைல் கையுறை 100 கொண்ட பெட்டி ஒன்று, என்-95 முகக்கவசம் பத்து, கண்ணாடிக் கவசம் ஒன்று மகளின் பெட்டியிலேயே போகட்டும்.

ஊசிகளுக்கு ஏழு கிழமை மட்டுமட்டுத்தான். ஹெப்பற்றைற்றிஸ் பி மூன்று ஊசியும் முதலாம் வருடத்திலேயே போட்டிருப்பாள். போட்டது போதாது, இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகாவது இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். போடவே இல்லையென்றால் 0, 1, 6 மாத முறைக்கு நேரம் கிடையாது. 0, 7, 21 ஆம் நாள் என்ற விரைவு முறை உண்டு, ஆனால் 12 ஆம் மாதம் நான்காவதும் போட வேண்டும். கென்யாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவை. (இது நம் ஊர்ச் செங்கண்மாரி இல்லை, நுளம்பால் வரும் வேறு நோய்.) அந்த நாட்டிலிருந்து திரும்பும்போது கட்டுநாயக்காவில் சான்றிதழ் கேட்பார்கள். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடலாம். பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். 2016 ஜூலைக்குப் பிறகு ஆயுள் முழுதுக்கும் ஒரே ஊசி.

அடிக்கடி பிழைக்கிற இடம் வரிசை. மஞ்சள் காய்ச்சல் ஊசியும் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசியும் உயிருள்ள கிருமி கொண்டவை. இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையேல் நான்கு கிழமை இடைவெளி விட வேண்டும். காசநோய்க்கான மான்ரூ தோல் சோதனையை இவற்றுக்கு முன்னர், அல்லது அதே நாளில் செய்ய வேண்டும். பிந்தினால் நான்கு கிழமை காத்திருக்க வேண்டும், இல்லையெனில் இருக்கும் தொற்றையும் இல்லை என்று காட்டக்கூடும். பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கு இச்சோதனை வீணாகப் பொசிற்றிவ் காட்டலாம் என்பதால், கட்டுப்படியானால் இரத்தச் சோதனையே மேல். திரும்பி வந்து எட்டுப் பத்துக் கிழமையில் மறுபடியும் செய்ய வேண்டும். முதற்சோதனை இல்லாவிட்டால் தொற்று எங்கே வந்ததென்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கிலாந்துக் கதைக்குச் சுருக்கமான பதில்: அங்குள்ள தாதியர் சபை பட்டத்தையும் மொழித் தேர்ச்சியையும் பார்க்கும், கணினிப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் வைக்கும். 14 நாள் சான்றிதழுக்கு அதில் இடமே இல்லை.

வெளியூர் வாட்டு ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் என் வாக்குத் தமிழ்நாட்டுக்கு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1909 இலிருந்து தாதியர் பயிற்சி நடக்கிறது, 1946 இலிருந்து பட்டப்படிப்பு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976 இல் 11 கட்டிலுடன் தொடங்கியது. அங்கே கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, சத்திரசிகிச்சை தவிர்ந்த பெரும்பகுதி வேலையை அவர்களிடம் விட்டிருக்கும் முறையை ஒரு தாதி நின்று பார்க்க வேண்டும். விசா வகையை மட்டும் முகவரிடம் கேட்காமல் இந்திய உயர் ஸ்தானிகராலயத்திடமே கேளுங்கள். தாதியின் வேலையில் பாதி பேச்சு. சுவாஹிலி தெரியாமல் கட்டிலருகே நிற்பவள் மொனிற்றரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். தமிழ்நாட்டிலும் சறுக்கல் உண்டு. அங்கே வருத்தம் என்றால் நோய் இல்லை, கவலை: "என்ன வருத்தம்?" என்று கேட்டால் அந்த ஊர் அம்மா மகன் தன்னைப் பார்க்க வராத கவலையைச் சொல்லுவார். சத்தி என்றால் புரியாது, வாந்தி; குளிசை என்றால் புரியாது, மாத்திரை. இருபது சொல்லைப் போகுமுன் பாடமாக்கினால் மூன்றாம் நாளே நோயாளியோடு கதைக்கலாம்.

எல்லாம் எழுத்தில் வந்து, கென்யாதான் என்று முடிவானால், நாரஹேன்பிட்டியில் மலேரியா தடுப்பு இயக்கத்துக்கு நேரத்தோடு போங்கள். தடுப்பு மாத்திரை இலவசம். மெஃப்ளோகுயின் என்றால் இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தொடங்கி, வந்து நான்கு கிழமை தொடர வேண்டும். வந்திறங்கியதும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான பிழை. இங்கே உள்ளூர்த் தொற்று கடைசியாக 2012 ஒக்ரோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடென்று சான்று தந்தது. பரப்பும் நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. அடுத்த ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், டெங்குச் சோதனைக்கு இரத்தம் எடுக்கும் டொக்டரிடம் அவர் கேட்காமலே "கென்யாவுக்குப் போய் வந்தேன்" என்று மகள் சொல்ல வேண்டும்.