வீட்டுக் கணினியில் ராம் டிஸ்க் போட்டால் வேகம் கூடுமா?

கேட்டவரிடம் இருப்பது 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 போட்ட பழைய கணினி. அந்த ராமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில், 4 ஜிபியை ஒதுக்கி ராம் டிஸ்க் ஆக்கி, பிரவுசரையும் தற்காலிகக் கோப்புகளையும் அதில் வைத்தால் வேகம் கூடுமா என்று கேட்கிறார்.

கூடாது. இருக்கிற வேகமும் குறைய வாய்ப்பு அதிகம். இதை நான் ஆறு மாதம் செய்து பார்த்தேன், அதுவும் என் மதினியின் கணினியில்.

மதினி பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ் எல்லாம் வரும். கணினியை ஆன் செய்துவிட்டு அடுக்களைக்குப் போய் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தால்தான் அது ஒரு நிலைக்கு வரும். "தம்பி, இதுக்கு ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டார். அப்போது ராம் டிஸ்க்கைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். ராமின் ஒரு பகுதியைத் தனி டிரைவ் போலக் காட்டும் சின்ன மென்பொருள், அவ்வளவுதான். விண்டோஸில் வீட்டு உபயோகத்துக்கு இது கூடவே வராது, வெளியிலிருந்து எடுத்துப் போட வேண்டும். 3 ஜிபி ஒதுக்கிப் போட்டுக் கொடுத்தேன்.

ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ராமில் இருந்து ஒன்றை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி ஆகும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் அது சுமார் 100 மைக்ரோ நொடி, அதாவது ஆயிரம் மடங்கு. ஹார்ட் டிஸ்க்கில் முள் நகர்ந்து, தட்டு சுழன்று, சரியான இடம் வந்து சேரச் சுமார் 10 மில்லி நொடி, அது லட்சம் மடங்கு. ராமில் இருந்து எடுப்பதை ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டியில் இருந்து மிளகு எடுக்கிற மாதிரி. அப்படியானால் எஸ்எஸ்டி என்பது பதினேழு நிமிடம், பாளை மார்க்கெட் வரை போய் வாங்கி வருகிற நேரம். ஹார்ட் டிஸ்க்கோ இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல். ஜங்ஷனில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், அங்கே மிளகு வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்புகிற கதை.

இதைப் பார்த்தால் எல்லாவற்றையும் ராமிலேயே வைத்துவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த வேலையை விண்டோஸ் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். கணினியை ஆன் செய்ததும் சிறிது பொறுத்துவிட்டுப் பிரவுசரைத் திறந்து, எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடுங்கள். உடனே மறுபடி திறங்கள். இரண்டாவது முறை சட்டென்று திறக்கும். முதல் முறை டிஸ்க்கில் இருந்து படித்ததை விண்டோஸ் தூக்கிப் போடாமல், காலியாக இருக்கும் ராமில் வைத்திருப்பதுதான் காரணம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'கேச்ட்' என்று ஓர் எண் தெரியுமே, அது இதுதான். 2007-ல் வந்த விஸ்டாவில் இருந்து இன்னும் ஒரு படி மேலே போய், நீங்கள் அடிக்கடி திறப்பவற்றை முன்கூட்டியே ராமில் கொண்டுவந்து வைக்கிற ஏற்பாடும் உண்டு. அப்போது சூப்பர்ஃபெட்ச் என்றார்கள், இப்போது சிஸ்மெயின் என்ற பெயரில் ஓடுகிறது. லினக்ஸ் இயங்குதளமும் காலி ராமை இப்படித்தான் பயன்படுத்துகிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதன் விட்டுக்கொடுக்கும் குணம். ஏதாவது ஒரு மென்பொருளுக்கு ராம் தேவை என்றால், கேச் அந்தக் கணமே இடத்தைக் கொடுத்துவிடும். ராம் டிஸ்க் அப்படிக் கொடுக்காது. அடுக்களை மேடையில் பாதியைக் கயிறு கட்டிப் பிரித்து, இதில் நான் சொல்லும் சாமான் மட்டும்தான் இருக்கலாம் என்று சொல்வது போன்றது அது. மீதிப் பாதியில் சமைக்கிறவருக்குக் கை வைக்க இடம் இருக்காது.

மதினியின் கணினியில் நடந்ததும் அதுதான். 8 ஜிபியில் 3 போனபின் மிச்சம் 5. அதில் விண்டோஸ், வடிவமைப்பு மென்பொருள், பெரிய பெரிய புகைப்படங்கள், பிரவுசர். ராம் போதாமல் விண்டோஸ் ராமில் அடங்காததை, அதற்கென்று ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைல் என்ற கோப்புக்கு எழுத ஆரம்பித்தது. சென்னைப் பயணத்தைத் தவிர்க்கச் செய்த ஏற்பாட்டால் சென்னைப் பயணம் கூடியது. (பேஜ் ஃபைலையே ராம் டிஸ்க்கில் வைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ராம் போதாதபோது உதவுவதற்காக இருப்பதை ராமைக் குறைத்து அதிலேயே வைப்பதில் அர்த்தமே இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.)

இன்னொன்றும் உண்டு. மின்சாரம் போனால் ராமில் இருப்பது அழிந்துவிடும். அதனால் கணினியை அணைக்கும்போது ராம் டிஸ்க்கில் உள்ளதை ஹார்ட் டிஸ்க்கில் சேமித்து, மறுநாள் திரும்ப ஏற்ற வேண்டும். 3 ஜிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தாலும் அரை நிமிடம் போகும். காலையில் கணினி தயாராக ஆகும் நேரத்தைக் குறைக்கப் போய், அதைக் கூட்டிவிட்டேன்.

இவ்வளவு தெரிந்தும் அதை எடுக்காமல் விட்டிருந்தேன். சித்திரை மாதம், கொடைக் காலம். ஓர் அம்மன் கோயில் கொடை நோட்டீஸ் வேலை மதினியிடம் வந்திருந்தது. நம் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், கொடை நோட்டீஸ் என்றால் வரிதாரர்கள், அதாவது கொடைக்கு வரி கொடுத்தவர்கள், பெயர் ஒன்று விடாமல் வர வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் கோயில் வாசலில் சண்டை வரும். இருநூறு பெயருக்கு மேல் தட்டியிருந்தார். வேகமாக இருக்கட்டும் என்று வேலைக் கோப்புறையையும் ராம் டிஸ்க்கிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் இடியோடு கோடை மழை பிடித்தது, கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி பழையது. நாலு தடவை கத்திவிட்டு அதுவும் அணைந்தது.

கரண்ட் வந்ததும், "ஃபைலைக் காணோமே தம்பி" என்றார். அவர் ஒழுங்காகச் சேமித்துக்கொண்டேதான் இருந்தார். சேமித்தது அத்தனையும் ராமில் இருந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கையெழுத்துப் பட்டியலைப் பார்த்துப் பெயர்களை வாசிக்க வாசிக்க, இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து மறுபடி தட்டினார். அந்த இரவு எனக்கு இன்னும் வலிக்கிறது.

அப்படியானால் ராம் டிஸ்க் யாருக்குமே உதவாதா என்றால், உதவும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் அதற்கு நல்ல மதிப்பு இருந்தது. ஃபிளாப்பியில் இருந்து ஒவ்வொன்றையும் கரகரவென்று படித்த கணினிகளில், தேவையானதை ராம் டிரைவுக்கு நகல் எடுத்து ஓட்டினால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். விண்டோஸ் 98-ன் அவசரகால ஃபிளாப்பியே ஒரு ராம் டிரைவை உண்டாக்கித்தான் தன் கருவிகளை விரித்து வைத்தது, 1.44 எம்பிக்குள் அத்தனையும் அடங்காது என்பதால். இன்று தென்காசியில் இருந்து மென்பொருள் எழுதும் என் நண்பர் 64 ஜிபி ராம் வைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை உண்டாக்கி, வேலை முடிந்ததும் அழித்துவிடும் கம்பைல் வேலைக்கு (எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றுவது) அவர் ராம் டிஸ்க் வைத்துக்கொள்கிறார். அழிந்தாலும் திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதால் அவருக்கு அது பொருந்தும். எஸ்எஸ்டி தேய்மானமும் கொஞ்சம் குறையும். லினக்ஸில் டிஎம்பிஎஃப்எஸ் என்ற ஏற்பாடு இன்னும் நல்லது. நாம் சொல்லும் அளவு அதற்கு ஓர் உச்சவரம்பு மட்டும்தான், உள்ளே கோப்பு இருக்கும் அளவுக்கே ராமை எடுக்கும். 2025-ல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகை தற்காலிகக் கோப்புறையை இயல்பாகவே இப்படித்தான் வைக்கிறது.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினி திணறும்போது எந்த எண் உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், உங்களிடம் இருப்பதை வைத்துச் சொல்கிறேன், அநேகமாக அதுதான் நிற்கும், ஓர் எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸை அதில் ஏற்றுங்கள். பழைய கணினிக்குச் சாட்டா வகையே போதும், நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும், ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும். இருபத்தேழு மணி நேரம் பதினேழு நிமிடமாக ஆகிறதே, வேகத்தில் நீங்கள் உணரப்போவது அத்தனையும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு பிரவுசர் திறக்க ஆகும் நேரத்தில் பெரும்பகுதி பிராசசரின் வேலை. அங்கே ராம் டிஸ்க் போட்டாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மெமரி எண் உச்சத்தில் நின்றால் ராம் வாங்குங்கள். வாங்கிய ராமைப் பிரிக்காமல் அப்படியே விண்டோஸிடம் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் பணம் இல்லை, ஏதாவது ஒன்றுதான் என்றால் எஸ்எஸ்டி முதலில்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைப் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். ஒரு யுஎஸ்பி பெட்டி வாங்கி அதில் போட்டு, வாரம் ஒருமுறை நகல் எடுத்து வையுங்கள். மதினியின் பழைய டிஸ்க் இப்போது அப்படித்தான் பீரோவில் இருக்கிறது. போன சித்திரையில் அதே அம்மன் கோயில் வேலை வந்தபோது, அதிலிருந்து முந்தின வருஷத்து நோட்டீஸை எடுத்து, புதிதாக வரி கொடுத்தவர்கள் பெயரைச் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் அச்சுக்கு அனுப்பிவிட்டார்.