கார்பன் பிளேடில் பந்து ஏன் மேசையைத் தாண்டிப் போகிறது?

கேள்வி: டேபிள் டென்னிஸ் ஆடுகிறேன். ஐந்து அடுக்கு மர பிளேடிலிருந்து (ரப்பர் ஒட்டும் மட்டைப் பலகை) பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்காரியா என்ற கார்பன் பிளேடுக்கு மாறினேன். ரப்பர் பழையதேதான். லூப் (பந்துக்கு மேல்சுழல் கொடுக்கும் அடி) அடித்தால் பந்து மேசைக்கு வெளியே விழுகிறது. குட்டைப் புஷ் (கீழ்ச்சுழலோடு வலைக்கு அருகே மெல்லத் தள்ளுவது) எழும்பிவிடுகிறது. பந்து பட்டதே கையில் தெரிவதில்லை. ரப்பரை மாற்றுவதா, பிளேடையா?

பதில்: ரப்பரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கார்பன் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள்.

விஸ்காரியாவில் மேலே கோட்டோ மரம், அதை ஒட்டியே ஏ.எல்.சி. எனும் கார்பன் அடுக்கு, பிறகு லிம்பா மரம், நடுவில் கிரி மரம். ஒரு விறைப்பான அடுக்கு பிளேடின் நடுத்தளத்திலிருந்து இரு மடங்கு தள்ளிப் போனால், அது தரும் விறைப்பு நான்கு மடங்காகும். கார்பன் மேற்பரப்புக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், மெல்லத் தொட்டாலும் பிளேடு வளையாமல் பந்தை உடனே தள்ளிவிடுகிறது. புஷ் எழும்புவது இதனால்தான். ஏ.எல்.சி. என்பது கார்பனும் அரிலேட்டும் சேர்த்து நெய்த துணி. அரிலேட் அதிர்வை விழுங்குவதால் கைக்கு வரும் சேதியும் குறைகிறது.

பட்டர்ஃபிளையின் இன்னொரு பிளேடான இன்னர்ஃபோர்ஸ் லேயர் ஏ.எல்.சி.யில் இருப்பதும் அதே துணிதான். ஆனால் நடுமரத்தை ஒட்டி, லிம்பாவுக்குக் கீழே இருக்கிறது. மெல்லிய தொடுதலில் மரம் போலவே பேசும். ஓங்கி அடித்தால்தான் கார்பன் எழுந்து வரும். மர பிளேடு பழகிய கைக்கு இது பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் உடனே வாங்க ஓடாதீர்கள்.

முதலில் ஒரு மாதம் இப்படி ஆடிப் பாருங்கள். லூப்பில் பின்னிழுப்பைக் குறைத்து, மட்டையை இன்னும் கொஞ்சம் கவிழ்த்து, பந்தை உரசி எடுங்கள். புஷ்ஷுக்குப் பந்து குதித்த உடனேயே தொடுங்கள். பிடி தளர்ந்திருக்கட்டும், கை முன்னால் போக வேண்டாம். இறுக்கிப் பிடித்தால் எல்லாப் பந்தும் நீளமாகத்தான் போகும். பிளாக்கில் (வேகமாக வரும் பந்தை மட்டையை வைத்துத் தடுப்பதில்) தள்ளவே தேவையில்லை, கோணம் சரியாக இருந்தால் போதும்.

லூப் சரியாகி, புஷ்ஷும் சர்வீஸ் ரிசீவும் மட்டும் எழும்பிக்கொண்டே இருந்தால் இன்னர்ஃபோர்ஸ் போன்ற உள்கார்பனுக்கு மாறுங்கள். வாங்கும்போது பிளேடின் விளிம்பைப் பாருங்கள்: கருங்கோடு வெளி மரத்துக்கு அடுத்தே இருந்தால் வெளிக்கார்பன், நடுமரத்தை ஒட்டியிருந்தால் உள்கார்பன். எடை 85 முதல் 90 கிராமுக்குள் இருக்கட்டும். லிம்பா மேற்பரப்பு ரப்பரை உரிக்கும்போது சிம்பு சிம்பாகப் பெயரும். அதனால் முதல் முறை ஒட்டுவதற்கு முன் வார்னிஷ் ஒரே ஒரு பூச்சு, மிக மெல்லியதாக. தடிமனாகப் பூசினால் நீங்கள் தேடிப்போன மென்மை அங்கேயே போய்விடும்.