ஹோஷோரியூவுக்குக் கொடுத்தது நியாயமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சுமோ மல்யுத்தம் பற்றிய உங்கள் கட்டுரையில், 2025 ஜனவரியில் ஹோஷோரியூ சுமோவின் உச்ச நிலையான யோகொசுனாவுக்கு, 74ஆவது மல்லராக உயர்த்தப்பட்டதை ‘அவசரம்தான், ஆனால் தவறில்லை’ என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. அந்த மாதத்து 15 நாள் தொடரில் அவர் பெற்றது 12 வெற்றி, 3 தோல்வி. மூன்று தோல்விகளும் தன்னைவிடப் பல படிகள் கீழே இருந்த மேகாஷிரா மல்லர்களிடம். அதற்கு முந்தைய நவம்பர் தொடரில் பட்டமும் அவருக்கு இல்லை. தொடர்ந்து இரண்டு பட்டங்கள் வென்றால்தான் யோகொசுனா என்ற விதி என்ன ஆயிற்று? 1992இல் கோனிஷிகிக்கு மறுத்தார்கள், 1994இல் 15 மோதல்களையும் வென்ற தகானோஹானாவுக்கே மறுத்தார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதானே? அப்போதிருந்த ஒரே யோகொசுனாவான தெருனோஃபுஜி ஓய்வு பெற்று இருக்கை காலியானதால், கிடைத்தவரை உட்கார வைத்தார்கள் என்றே நானும் என்னோடு சுமோ பார்க்கும் நண்பர்கள் சிலரும் கருதுகிறோம். யோகொசுனாவுக்கு அடுத்த நிலையில் உள்ள ஓசெகி தோற்றால் கீழே இறக்குகிறார்களே, யோகொசுனாவையும் அப்படி இறக்கினால் இந்தச் சண்டையே இருக்காது என்பது இன்னொரு நண்பரின் வாதம். உங்கள் விரிவான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இரா.ம., ஓசூர்

அன்புள்ள இரா.ம.,

நீங்கள் தந்த எண்கள் சரி. விதியைப் பற்றிச் சொன்னது மட்டும் பாதிதான் சரி. ஓசெகி நிலையில் தொடர்ந்து இரண்டு பட்டங்கள் என்பது யோகொசுனா ஆய்வுக்குழுவின் உள்வழிகாட்டலில் முதன்மையான அளவுகோல். அதை அடுத்து, ‘அதற்கு இணையான’ சாதனை உடையவரையும் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் பரிந்துரைக்கலாம் என்ற இடமும் இருக்கிறது. இணை என்பது எத்தனை வெற்றி, இரண்டாம் இடம் போதுமா, சமமாக நிற்பவர்களுக்கிடையே கடைசி நாள் நடக்கும் தீர்மான மோதலில் தோற்றிருந்தால் கணக்கில் வருமா என்பதெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை. 1950இல் அமைக்கப்பட்ட இந்தக் குழுவில் இருப்பவர்கள் முன்னாள் மல்லர்கள் அல்லர். சங்கத்துக்கு வெளியே உள்ள பொதுவாழ்க்கைப் பிரமுகர்கள். நடுவர் துறையின் கோரிக்கையை ஏற்று ஜப்பான் சுமோ சங்கத்தின் தலைவர் இவர்களிடம் கருத்துக் கேட்பார். இவர்கள் பரிந்துரைத்தால் சங்கத்தின் நிர்வாகக் குழு முடிவெடுக்கும். ஆக, ரசிகர்கள் நாம் விதி என்று சொல்லி அடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த ‘இணை’ என்ற சொல்லின் எல்லையைப் பற்றித்தான்.

அந்த எல்லை காலந்தோறும் சுருங்கியும் விரிந்தும் வந்திருக்கிறது. சுருங்கியதற்குக் காரணமான மனிதரின் பெயர் ஃபுதஹகுரோ. 1986 மே மாதம் 12 வெற்றி, ஜூலையில் 14 வெற்றி பெற்று, தீர்மான மோதலில் சியோனோஃபுஜியிடம் தோற்றவர். ஒரு பட்டம்கூட வென்றிராத அவரை 60ஆவது யோகொசுனாவாக உயர்த்தினார்கள். அப்போது சியோனோஃபுஜி ஒருவரே அந்த நிலையில் இருந்தார் என்பதையும், இளைஞரான ஃபுதஹகுரோ இனி எப்படியும் பட்டங்களைக் குவிப்பார் என்று எல்லாரும் நம்பினார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவர் குவிக்கவில்லை. 1987 டிசம்பரில் தன் ஆசானோடு சண்டையிட்டுப் பயிற்சிக்கூடத்தை விட்டு வெளியேறினார். பட்டமே வெல்லாத யோகொசுனாவாக அவருடைய சுமோ வாழ்க்கை அதோடு முடிந்தது. பரிந்துரைத்தவர்கள் சூடுபட்டுக்கொண்டார்கள். 1990இல் உயர்ந்த அசாஹிஃபுஜியிலிருந்து 2012இல் உயர்ந்த ஹருமாஃபுஜி வரை, 63ஆவது முதல் 70ஆவது வரையிலான எட்டுப் பேரும் தொடர்ந்து இரண்டு பட்டங்கள் வென்ற பிறகே யோகொசுனா ஆனார்கள். நீங்களும் நானும் சுமோவைக் கவனிக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில் என்பதால், அதுவே ஆதியிலிருந்து வந்த சட்டம் என்ற எண்ணம் நமக்குள் படிந்துவிட்டது.

தகானோஹானா மறுக்கப்பட்டதும் அந்தக் கண்டிப்பின் நடுக்காலத்தில்தான். 1994 செப்டம்பரில் அவர் 15-0 என்று வென்றார். சங்கமே அவரை உயர்த்த விரும்பியது. ஆனால் அதற்கு முந்தைய ஜூலையில் 11 வெற்றிகளே இருந்ததால் குழு ஒப்பவில்லை. நவம்பரில் மீண்டும் 15-0 வென்று, யாரும் வாய் திறக்க வழியில்லாமல் செய்து, மேலே போனார். அந்த மறுப்பில் நான் குறை காண மாட்டேன். இரண்டு மாதம் காத்திருக்க வைத்ததில் அவர் இழந்தது ஒன்றுமில்லை.

கோனிஷிகி வேறு. 1991 நவம்பரில் 13-2 என்று பட்டம், 1992 ஜனவரியில் 12-3, மார்ச்சில் மீண்டும் 13-2 என்று பட்டம். நடுவில் உள்ள தொடரில் அவர் இரண்டாம் இடத்திலும் இல்லை என்பதே அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டது. சரி, கடைசி இரண்டு தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 12-உம் 13-உம் 25 வெற்றிகள், அதில் ஒரு பட்டம். ஹோஷோரியூவின் கணக்கும் அதேதான்: நவம்பரில் 13, ஜனவரியில் 12, ஒரு பட்டம். மூன்றாவது தொடரையும் சேர்த்தால் கோனிஷிகிக்கு 38, அதில் இரண்டு பட்டங்கள். ஹோஷோரியூவோ 2024 செப்டம்பரில் 8-7 என்று தப்பிப் பிழைத்தவர். ஆகவே ஒப்பீட்டில் கோனிஷிகியின் தட்டே தாழ்கிறது என்ற உங்கள் கட்சியில் நானும் இருக்கிறேன். ஹவாயிலிருந்து வந்த அவருக்கு எதிராக, வெளிநாட்டு யோகொசுனா நமக்குத் தேவையில்லை என்று ஆய்வுக்குழுவின் உறுப்பினரான எழுத்தாளர் ஒருவரே மாத இதழில் எழுதிய காலம் அது. அப்படி ஒருவர் அமர்ந்திருந்த குழு எண்களை மட்டுமே பார்த்து முடிவெடுத்தது என்று யார் சொன்னாலும் நான் நம்பத் தயாராக இல்லை. பத்து மாதங்களில் இன்னொரு ஹவாய்க்காரரான அகெபோனோ, தொடர்ந்து இரண்டு பட்டங்கள் வென்று முதல் வெளிநாட்டு யோகொசுனா ஆனார் என்பது சங்கத்தின் மானத்தைக் காப்பாற்றியது. கோனிஷிகிக்கு அதனால் ஒன்றும் திரும்பி வரவில்லை.

உங்கள் ‘காலி இருக்கை’ வாதத்துக்கு இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. கோனிஷிகிக்கு மறுத்தபோதும் இருக்கை காலியாகும் நிலையில்தான் இருந்தது. சியோனோஃபுஜி, ஓனோகுனி, அசாஹிஃபுஜி என்று ஒரு வருடத்துக்குள் வரிசையாக ஓய்வு பெற்றுவிட, எஞ்சியிருந்தவர் காயத்தோடு போராடிய ஹொகுதோஉமி ஒருவரே. அவரும் 1992 மே மாதம் விலகினார். 1993 ஜனவரி இறுதியில் அகெபோனோ உயரும்வரை யோகொசுனா இல்லாமலே தொடர்கள் நடந்தன. கூட்டமும் வந்தது, பட்டங்களும் வழங்கப்பட்டன, வானம் இடிந்து விழவில்லை. அப்படியானால் 2025இல் மட்டும் ஏன் பொறுக்க முடியவில்லை? இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்கத் தகுந்தவர் ஒருவர் இருக்கிறார். கடைசியாக விலகி அந்த இருக்கையைக் காலியாக்கிய அதே ஹொகுதோஉமிதான், ஹக்காகு என்ற பெயரில், ஹோஷோரியூவைப் பரிந்துரைக்கும்படி குழுவைக் கேட்ட சங்கத் தலைவர்.

அக்டோபரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கவிருந்த போட்டிக்கு யோகொசுனா இல்லாமல் போவது அழகல்ல என்று நினைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. அக்டோபருக்கு முன் மார்ச், மே, ஜூலை, செப்டம்பர் என்று நான்கு தொடர்கள் இருந்தன. என் ஊகம் இதைவிடச் சாதாரணமானது: கண்டிப்பு ஏற்கெனவே தளர்ந்துவிட்டிருந்தது. 2014இல் ககுரியூ, 2017இல் கிசெனோசாதோ, 2021இல் தெருனோஃபுஜி ஆகிய மூவருமே ஒரு பட்டமும் ஓர் இரண்டாம் இடமும் கொண்டு உயர்ந்தவர்கள். ககுரியூவுக்கு 28 வெற்றிகள், மற்ற இருவருக்கும் 26. ஹோஷோரியூ 25. ஒவ்வொரு முறையும் முன்னவரைக் காட்டிப் பின்னவரை ஏற்றினார்கள். படி ஒவ்வொன்றாகத் தேய்ந்தது. ஜனவரி 27 அன்று குழு கூடியபோது அவர்கள் முன் இருந்த முன்மாதிரிகள் இவையே. ஃபுதஹகுரோவை நினைத்தவர் யாராவது அங்கே இருந்தாரா என்று எனக்குச் சந்தேகம். இத்தனைக்கும் ஹோஷோரியூ, ஃபுதஹகுரோ இருந்த அதே தத்சுனாமி பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்.

இவ்வளவுக்குப் பிறகும் தவறில்லை என்று ஏன் எழுதினேன்? அந்த ஜனவரித் தொடரை 12-3 என்ற எண்ணாகச் சுருக்காமல் நாள்வாரியாகப் பாருங்கள். ஒன்பதாம் நாள் முடிவில் அவர் 6-3. கஜகஸ்தானைச் சேர்ந்த கின்போசான் தோல்வியே இல்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பதவி உயர்வுப் பேச்சு அதோடு அடங்கிவிட்டது. அங்கிருந்து ஹோஷோரியூ மீதி ஆறு மோதல்களையும் வென்றார். கடைசி நாளில், பெரும் மல்லர் தாய்ஹோவின் பேரனான ஓஹோ, கின்போசானைச் சாய்த்தார். ஹோஷோரியூ கொதொசகுராவை வென்றார். மூன்று பேர் 12-3 என்று சமமாக நின்றார்கள். மூவர் தீர்மான மோதலில், அடுத்தடுத்து இருவரை வெல்பவருக்கே பட்டம். ஓசெகி ஒருவரோடு மோதி முடித்த உடம்போடு திரும்ப வந்து, கின்போசானையும் பிறகு ஓஹோவையும் அவர் வரிசையாகத் தள்ளினார். ஒரே மாலையில் மூன்று மோதல்கள், மூன்றிலும் வெற்றி. முந்தைய நவம்பரிலும் அவர் எளிதாகத் தோற்றுவிடவில்லை. 13-1 என்று சமநிலையில் இருந்த இரண்டு ஓசெகிகள் கடைசி நாளில் மோதி, கொதொசகுரா வென்றார். இதை ‘இணை’ என்று சொல்வதை மிகை என்று ஒருவர் கருதலாம். மோசடி என்று கருத முடியாது. மேகாஷிராக்களிடம் தோற்ற அந்த மூன்று மோதல்கள்தான் என் ‘அவசரம்’ என்ற சொல்லுக்குக் காரணம். மார்ச் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே என் நிலை.

பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள், மார்ச்சில் அவர் 5-5 என்ற நிலையில் காயத்தால் விலகியதைக் காட்டுவார்கள். இது எனக்கு உகந்த சான்றாகத் தோன்றுகிறது என்றாலும் நான் அதைப் பயன்படுத்த மாட்டேன். காயம் யாருக்கும் வரும். கிசெனோசாதோவை நினைத்துப் பாருங்கள். 19 வருடங்களுக்குப் பிறகு ஜப்பானில் பிறந்த ஒருவர் யோகொசுனா ஆனார் என்று நாடே கொண்டாடிய 2017இன் மார்ச் தொடரில், 13ஆம் நாள் ஹருமாஃபுஜியிடம் தோற்றுக் களத்துக்கு வெளியே விழுந்து, இடது தோளைப் பிடித்தபடி எழுந்தார். இரண்டு நாள் கழித்து, கையும் மார்பும் கட்டிய கட்டோடு வந்து, தெருனோஃபுஜியை முதலில் வழக்கமான மோதலிலும் உடனே தீர்மான மோதலிலும் வென்று, நாட்டுப்பண் ஒலிக்கும்போது அழுதார். அதற்கு அடுத்த எட்டுத் தொடர்களிலும் முழுதாகவோ பாதியிலோ விலகினார். 2019 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது யோகொசுனாவாக அவர் பெற்ற வெற்றிகள் 36, தோல்விகளும் 36. 2016இல் ஒரு பட்டமும் இல்லாமலே வருடத்திலேயே மிக அதிக வெற்றிகள் பெற்ற மனிதர் அவர். எந்த அளவுகோலாலும் இந்த முடிவை முன்கூட்டியே கண்டிருக்க முடியாது.

இதனால்தான் உங்கள் நண்பரின் யோசனையோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஓசெகிக்கு அடுத்தடுத்த இரண்டு தொடர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமானால் இறங்குவார்; அடுத்த தொடரிலேயே 10 வெற்றி பெற்றால் திரும்புவார். அவருக்கு ஏணி இரண்டு பக்கமும் உண்டு. யோகொசுனாவுக்கு இறங்கும் படி கிடையாது. முடியாதபோது முடியைக் களைந்து விலகுவது ஒன்றே வழி. இறங்கலாம் என்று வைத்துவிட்டால், கிசெனோசாதோ ஓசெகியாகி, பிறகு அதற்கும் கீழே உள்ள செகிவாகேயாகி, இன்னும் நான்கு வருடம் மோதியிருப்பார். அவருடைய உடம்புக்குக்கூட அது நல்லதாக இருந்திருக்கலாம். ஆனால் குழு அதன் பிறகு 23 வெற்றிக்கும் யோகொசுனா கொடுக்கும். தவறினால் இறக்கிவிடலாமே என்ற தைரியம் வந்துவிடும். இறக்க முடியாது என்ற அச்சம் ஒன்றுதான் ஃபுதஹகுரோவுக்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் அவர்கள் கையைக் கட்டி வைத்திருந்தது.

நான் கேட்பது வேறொன்று. பரிந்துரைக்கும்போது குழு தன் காரணத்தை எழுத்தில் வெளியிடட்டும். யோகொசுனா இல்லாத நிலையைக் கணக்கில் எடுத்தோம் என்றால் அப்படியே சொல்லட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹோஷோரியூவுக்கும் அது நல்லது. 2025இன் மீதி மாதங்களில் அவர் ஒரு பட்டமும் வெல்லவில்லை என்றாலும், மே மாதம் 14-0 என்று வந்த ஓனோசாதோவைக் கடைசி நாளில் வீழ்த்தியவர் அவரே. செப்டம்பரில் ஓனோசாதோவிடமும் நவம்பரில் அவோநிஷிகியிடமும் தீர்மான மோதலில்தான் பட்டத்தை விட்டார். மார்ச்சிலும் மே மாதத்திலும் தொடர்ந்து வென்று, எந்த விவாதத்துக்கும் இடமில்லாமல் 75ஆவது யோகொசுனாவான ஓனோசாதோவோடு அவரை நிறுத்தி ஒவ்வொரு தொடரிலும் எடை போடுகிறார்கள். உங்கள் நண்பர்கள் குழுவிலும் அதுவே நடக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை அந்தச் சண்டை வரும்போது கோனிஷிகியின் 38 வெற்றிகளை மறக்காமல் எடுத்து வையுங்கள். அந்த இடத்தில் உங்களுக்கு எதிராகப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.