பிரித்தானியா மீண்டும் சேருமா என்று பார்த்துக்கொண்டு உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

ஹாரோவிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி: "நாங்கள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ள தமிழ்க் குடும்பம். 2020 அக்டோபரில் இரண்டு பிள்ளைகளுடன் பாரிஸிலிருந்து லண்டனுக்கு வந்தோம். அடுத்த மார்ச்சில் நால்வருக்கும் ப்ரீ-செட்டில்ட் (தற்காலிக வதிவிட உரிமை) கிடைத்தது. 2022இல் மூன்றாவது மகன் இங்கே பிறந்தான். 2023இல் அம்மாவுக்கு நோய் என்று ஏழு மாதம் பாரிஸில் இருந்தேன். இந்த ஆண்டு கணவருக்கு மட்டும் செட்டில்ட் (நிரந்தர வதிவிட உரிமை) ஆகிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. எனக்கு வரவில்லை, நான் வேலைக்குப் போவதில்லை. பிரித்தானியா எப்படியும் மீண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும், பொறு என்கிறார் கணவர். குடிவரவை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சி ஆட்சிக்கு வந்தால் எல்லோரையும் அனுப்பிவிடும் என்கிறார் மைத்துனர். தெரிந்த ஒருவர் 1,200 பவுண் கேட்கிறார். அந்த ஏழு மாதத்தால் எனக்கு உரிமை போய்விட்டது, தான் 'சரிசெய்து' தருவேன் என்கிறார். சின்னவன் இங்கே பிறந்ததால் அவனுக்கு ஒன்றும் தேவையில்லையாம். என்ன செய்வது?"

அந்த 1,200 பவுணைக் கொடுக்காதீர்கள். மற்றவற்றை அதன் பிறகு பேசலாம்.

பிரெக்சிட்டுக்குப் பிறகு ஒன்றியக் குடிமக்கள் இங்கே தொடர்ந்து வாழ்வதற்கான வதிவிடத் திட்டம் (EU Settlement Scheme) இது. இதில் விண்ணப்பிப்பது இலவசம். ஆரம்பத்தில் 65 பவுண் கட்டணம் வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும், 2019 மார்ச் 30இல் திட்டம் முழுமையாகத் திறந்தபோது அதை நீக்கினார்கள். ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பியும் கொடுத்தார்கள். ப்ரீ-செட்டில்டிலிருந்து செட்டில்டுக்கு மாறுவதும் இலவசம்தான். அரசு ஒரு பென்னிகூட வாங்காத ஒன்றுக்கு நம்மவர்களிடம் ஆயிரக்கணக்கில் பறிக்கிறவர்களை வருடக்கணக்கில் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஏழு மாத விடயம். பழைய விதிப்படி எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் செட்டில்டுக்குத் தேவையான ஐந்தாண்டுத் தொடர்ச்சி அறுந்துபோகும். கடும் நோய், மகப்பேறு போன்ற முக்கிய காரணம் இருந்தால் ஒருமுறை மட்டும் பன்னிரண்டு மாதம் வரை விட்டுக்கொடுத்தார்கள். அந்த மனிதர் இந்தப் பழைய விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களைப் பயமுறுத்துகிறார். 2025 ஜூலை 16இலிருந்து ப்ரீ-செட்டில்ட் உள்ளவர்களுக்கு விதி இளகியிருக்கிறது. கடைசி 60 மாதங்களில் மொத்தம் 30 மாதங்கள் பிரித்தானியாவில் இருந்தால் போதும். நீங்கள் இல்லாதது ஏழே மாதம். உங்கள் விடயத்தில் "சரிசெய்ய" எதுவுமே இல்லை.

அப்படியானால் கணவருக்குத் தானாக வந்தது உங்களுக்கு ஏன் வரவில்லை? 2025 ஜனவரியிலிருந்து உள்துறை அமைச்சு வரித் திணைக்களப் பதிவுகளைப் பார்த்துத் தகுதியானவர்களைத் தானே மாற்றிவருகிறது. சம்பளச் சீட்டும் வரியும் உள்ளவரை அந்தக் கணினிக்குத் தெரியும். வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவரைத் தெரியாது. இந்த முறையில் எனக்கு மிகவும் கோபம் தருவது இதுதான். சமைத்து, பள்ளிக்கு அழைத்துச் சென்று, மருத்துவரிடம் காத்திருந்து கழித்த ஐந்து ஆண்டுகள் அரசின் கண்ணில் படுவதில்லை. ஆனால் மின்னஞ்சல் வராதது நிராகரிப்பு அல்ல. நீங்களே விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

சான்றுகளும் உங்கள் வீட்டிலேயே இருக்கும். உங்கள் பெயரும் இருக்கிற கவுன்சில் வரிக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, குடும்ப மருத்துவரின் கடிதம், பிள்ளைகளின் பள்ளி உங்கள் பெயருக்கு எழுதிய கடிதம், மகன் பிறந்தபோது மருத்துவமனை தந்த பதிவுகள். இவற்றை ஆண்டுவாரியாக அடுக்குங்கள். வேலை செய்யாதவருக்குச் சம்பளச் சீட்டு தயாரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பொய்ச் சான்று வெளிப்பட்டால் இருக்கும் உரிமைக்கே ஆபத்து. தயாரித்தவர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

இப்போது உங்கள் வீட்டு விவாதத்துக்கு வருகிறேன். பிரித்தானியாவே பத்து ஆண்டுகளாக இப்படித்தான் பிளந்து கிடக்கிறது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் வெளியேறச் சொன்னவர்கள் 51.9 சதவீதம், இருக்கச் சொன்னவர்கள் 48.1. ஸ்கொட்லாந்தும் லண்டனும் வட அயர்லாந்தும் இருக்கச் சொன்னன, எண்ணிக்கையில் தோற்றன. வெளியேறும் அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொல்லி 2019இல் வைத்த மனுவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். ஆனாலும் 2020 ஜனவரி 31இல் நாடு வெளியேறியது. வெளியேறியது தவறு என்பவர்களே சில ஆண்டுகளாகக் கருத்துக்கணிப்புகளில் அதிகம். உங்கள் கணவர் அதை வைத்துத்தான் பேசுகிறார். அவர் ஆசையில் தவறில்லை.

ஆனால் கருத்துக்கணிப்பு சட்டமாகாது. வெளியேறிய நாடு மீண்டும் சேர வேண்டுமானால் ஒன்றிய ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவின் கீழ், புதிய நாடு போலவே விண்ணப்பிக்க வேண்டும். 27 உறுப்பு நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒப்ப வேண்டும். இங்கே தொழிற்கட்சி 2024 தேர்தல் அறிக்கையிலேயே ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ சுதந்திர நடமாட்டத்துக்கோ திரும்புவதில்லை என்று எழுதியது. 2025 மே மாதம் லண்டனில் ஒன்றியத்தோடு நடந்த மாநாட்டில் உணவுப் பொருள் சோதனை, மீன்பிடி, இளைஞர் திட்டம் என்று பேசினார்கள். பழைய நடமாட்ட உரிமை அதில் இல்லை. ஒருநாள் சேர்ந்தாலும் அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை உங்களை வீடு வாடகைக்குத் தருபவரும் வேலை கொடுப்பவரும் எந்தத் தகுதியில் இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மைத்துனரின் பயம் வேறு வகை. 2025 செப்டம்பரில் ரிஃபார்ம் கட்சி நிரந்தர வதிவிட உரிமையையே ஒழிப்போம் என்று அறிவித்தது. இன்றைய அரசும் சாதாரண விசாவில் வந்தவர்களுக்கான நிரந்தர வதிவிடக் காத்திருப்பை ஐந்திலிருந்து பத்து ஆண்டாக்கும் திட்டத்தை முன்வைத்தது. நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பரப்புகிறார்கள். உங்கள் உரிமை வருவது வேறு இடத்திலிருந்து. அது பிரித்தானியா ஒன்றியத்தோடு கையெழுத்திட்ட வெளியேறும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் அதை உள்நாட்டில் நடைமுறைப்படுத்துகிறது. அந்தப் பத்தாண்டுத் திட்டம் உங்கள் பிரிவினருக்குப் பொருந்தாது என்று அரசே சொல்லியிருக்கிறது. ஸ்பெயினிலும் பிரான்சிலும் குடியிருக்கும் பிரித்தானியர்கள் இதே ஒப்பந்தத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறார்கள். இங்கே கை வைத்தால் அங்கே எதிரொலிக்கும் என்பது எந்தக் கட்சிக்கும் தெரியும்.

நீதிமன்றமும் ஒருமுறை இந்த ஒப்பந்தத்தைக் காத்திருக்கிறது. ப்ரீ-செட்டில்ட் காலாவதியாகுமுன் மறுபடி விண்ணப்பிக்காதவர் எல்லா உரிமையையும் இழப்பார் என்று உள்துறை அமைச்சு முதலில் விதி வைத்தது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அது ஒப்பந்தத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் காலத்தைத் தானாக நீட்டிக்கத் தொடங்கினார்கள். ஆகவே உங்கள் பழைய கடிதத்தில் உள்ள முடிவுத் திகதியைக் கண்டு இரவில் விழித்திருக்க வேண்டாம். ஒரு நாள் தாமதமானால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று சொல்பவர் உங்களிடம் பணம் கேட்கப்போகிறார்.

சொல்லாமல் விட முடியாத ஒரு குறை எனக்கு உண்டு. அந்த 2016 வாக்கெடுப்பில், இங்கே குடியிருந்த இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கும் பொதுநலவாயக் குடிமக்கள் என்ற முறையில் வாக்கு இருந்தது. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சுக் குடியுரிமையோடு இங்கே இருபது ஆண்டுகள் வரி கட்டிய தமிழருக்கு இல்லை. 2014இல் ஸ்கொட்லாந்து தனிநாட்டு வாக்கெடுப்பில் ஒன்றியக் குடிமக்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள், இதில் மறுத்தார்கள். யாருடைய வாழ்க்கை தலைகீழாகப் போகிறதோ அவர்களைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டு, பிறகு அவர்களையே விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இது நியாயமற்றது. அந்த அநியாயத்தின் இருட்டில்தான் இந்தத் தரகர்கள் கடை விரித்தார்கள்.

இனி சின்னவன். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கலங்க வைத்தது இதுதான். இங்கே பிறந்தால் பிரித்தானியக் குடிமகன் என்பது 1983க்குப் பிறகு உண்மையல்ல. பிறந்த அந்த நாளில் தாயோ தந்தையோ பிரித்தானியக் குடிமகனாக அல்லது இங்கே நிரந்தர உரிமை பெற்றவராக இருக்க வேண்டும். ப்ரீ-செட்டில்ட் நிரந்தர உரிமை அல்ல. 2022இல் நீங்கள் இருவரும் ப்ரீ-செட்டில்ட்தான். ஆகவே உங்கள் மகன் பிரித்தானியனாகப் பிறக்கவில்லை. தந்தைக்கு இப்போது செட்டில்ட் கிடைத்தது பின்னோக்கிப் போய் அதை மாற்றாது. மகன் பிறந்த மறுநாளே கிடைத்திருந்தாலும் மாற்றியிருக்காது. பிறந்த திகதியையும் தந்தையின் செட்டில்ட் கடிதத்தில் உள்ள திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது முந்தியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதே வீட்டில் அடுத்த ஆண்டு நான்காவது பிள்ளை பிறந்தால் அது பிறக்கும்போதே பிரித்தானியக் குடிமகன். மூத்த மூவரும் அல்ல. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகளிடையே சட்டம் போடும் இந்தக் கோட்டைப் பல பெற்றோர் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகி, பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

சின்னவனுக்குப் பிறந்து மூன்று மாதத்துக்குள் இத்திட்டத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும். அது தவறிவிட்டது. 2023 ஆகஸ்டிலிருந்து தாமத விண்ணப்பங்களில் கடுமை கூடியிருக்கிறது. ஏற்கத்தக்க காரணம் காட்டாவிட்டால் விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே எடுப்பதில்லை. ஆனால் சிறு பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கத் தவறியதைப் பொதுவாக ஏற்கத்தக்க காரணமாகவே பார்க்கிறார்கள். தவறான ஆலோசனை கிடைத்ததை ஒளிக்காமல் எழுதுங்கள். இந்த ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும் தகுதியுள்ள ஆலோசகரிடம் போகச் சொல்வேன். மூத்த பிள்ளைகள் இருவருக்கும் நல்ல செய்தி: தந்தைக்குச் செட்டில்ட் இருப்பதால் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்தாண்டுக் கணக்குக் காட்டாமலே செட்டில்ட் கேட்கலாம். தந்தை செட்டில்ட் ஆனதால், இங்கே பிறந்த சின்னவனைப் பதினெட்டு வயதுக்குள் பிரித்தானியக் குடிமகனாகப் பதிவுசெய்யவும் வழி இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு, சிறிய தொகை அல்ல. கட்ட முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம்.

தகுதியுள்ள ஆலோசகர் என்றால் யார்? வழக்கறிஞர், அல்லது குடிவரவு ஆலோசனை அதிகார சபையில் பதிவானவர். பெயரைக் கேட்டு, அந்தச் சபையின் இணையப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். சுவரில் தொங்கும் சட்டமிட்ட சான்றிதழை நம்ப வேண்டாம். பதிவில்லாமல் தொழிலாக ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காசில்லாமல் உதவும் தொண்டு நிறுவனங்களும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களும் இருக்கின்றன.

2021இல் உங்கள் முதல் விண்ணப்பத்தைப் போட்டவர் இதே மனிதர்தானா என்று நீங்கள் எழுதவில்லை. அவர்தான் என்றால் இன்றே ஒன்றைப் பாருங்கள். இத்தகையவர்கள் தங்கள் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்துக் கணக்குத் திறப்பார்கள். இந்தத் தகுதிக்குக் கையில் தரும் அட்டை கிடையாது. எல்லாம் இணையக் கணக்கில்தான். உள்ளே போக ஒரு குறியீட்டு எண் வரும், அது அவருடைய கைபேசிக்குப் போகும். வேலைக்கோ வீட்டுக்கோ காட்ட வேண்டிய பகிர்வுக் குறியீட்டை எடுக்கக்கூட அவரிடம் நிற்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் காசு. இப்படிச் சிக்கிய குடும்பங்கள் ஏராளம். அந்த எண்ணையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். நுழைய முடியாவிட்டால் கணக்கை மீட்டுத் தரும்படி உள்துறை அமைச்சிடம் நேரடியாகக் கேளுங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால் புதிய இலக்கத்தையும் அங்கே பதியுங்கள். இல்லாவிட்டால் பாரிஸிலிருந்து திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்தப்படலாம்.

கணவருக்கும் ஒன்று. செட்டில்ட் கிடைத்த பிறகு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வெளியே இருந்தால் அது போய்விடும். சுவிஸ் குடிமக்களுக்கு நான்கு ஆண்டுகள். செட்டில்ட் கிடைத்து ஓர் ஆண்டு கழிந்தால் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆங்கிலத் தகுதி, பிரித்தானிய வாழ்க்கை பற்றிய தேர்வு, 1,500 பவுணுக்கு மேற்பட்ட கட்டணம் எல்லாம் உண்டு. குடியுரிமை எடுத்தால் அவருக்கு இங்கே பொதுத் தேர்தலில் வாக்கும் கிடைக்கும். பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால் பிரெஞ்சுக் கடவுச்சீட்டையும் விட வேண்டியதில்லை.