கார்டு யார் பையில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு 66 வயது, இவருக்கு 71. கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். ஜூன் பள்ளி விடுமுறை வந்தால் போதும், பேரப்பிள்ளைகள் வருகிறார்களோ இல்லையோ, இவருக்குக் கால் தரிக்காது. "வீட்டுக்குள்ள புழுங்கிக்கிட்டுக் கிடப்பானேன், கிளம்பு" என்பார். போகிற இடமெல்லாம் கூத்துதான். செம்பவாங் வெந்நீர் ஊற்றில் அவிக்கலாம் என்று ஒரு டஜன் முட்டை கொண்டுவந்தார். வெள்ளைக்கரு வேகாமல் கொழகொழவென்று அவர் வேட்டியெல்லாம் வழிந்தது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் குரங்கு வடைப் பையைப் பிடுங்கிக்கொண்டது. கையில் மிச்சமிருந்த வடையைக் கொடுத்துப் பையை வாங்கப் பார்த்தார், வடையும் போயிற்று, பையும் போயிற்று. புலாவ் உபின் தீவில் இருவர் மிதிக்கும் சைக்கிளை வாடகைக்கு எடுத்தார். பின்னால் உட்கார்ந்து நான் மிதிக்கவே இல்லை, அது இவருக்கு இன்னமும் தெரியாது. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். போன வாரம் தேக்கா சந்தைக்கு ரயிலில் போகும்போது, தோபி காட் நிலையத்தில் இவர் விறுவிறுவென்று இறங்கிவிட்டார், நான் இறங்குவதற்குள் கதவு மூடிக்கொண்டது. என் ரயில் கார்டு எப்போதும் இவர் சட்டைப் பையில்தான் இருக்கும், போனும் இவரிடம்தான். அடுத்த நிலையமான சிட்டி ஹாலில் இறங்கிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் மரினா பே வரைக்கும் போய்த் தேடிவிட்டு என்னைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மகன் இதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுச் சிரிக்கிறான், "அப்பா, இனிமே அம்மா கையைப் பிடிச்சே கூட்டிட்டுப் போங்க" என்கிறான். இந்த மனிதரை வீட்டில் உட்கார வைக்க ஒரு வழி சொல்லுங்கள்.

– ஈசூன் வாசகி

பதில்: சொல்ல மாட்டேன் அம்மா. 71 வயதில் முட்டையைத் தூக்கிக்கொண்டு வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்புகிறவரை சோபாவில் உட்கார வைத்துவிட்டால், அடுத்த ஜூனில் "இவரை எப்படி எழுப்பி நடக்க வைப்பது" என்று நீங்களே எழுதுவீர்கள். அந்தக் கடிதங்களும் எனக்கு நிறையவே வருகின்றன.

முட்டையை முதலில் முடித்துவிடுகிறேன். செம்பவாங் ஊற்றில் தண்ணீர் சூடு ஏறக்குறைய 70 டிகிரி. அந்தச் சூட்டில் மஞ்சள் கரு கெட்டியாகிவிடும், வெள்ளைக்கரு நன்றாக இறுக அது பற்றாது. வாளியில் பிடித்து வைத்தால் அதுவும் ஆறிக்கொண்டே வரும். மூடி போட்ட பாத்திரம் கொண்டுபோய், தண்ணீரை இரண்டு முறை மாற்றி ஊற்றி, அரைவேக்காட்டு முட்டை என்று நினைத்துச் சாப்பிடுங்கள். காப்பிக் கடையில் சோயா சாஸும் மிளகுத்தூளும் போட்டு அதைத்தானே காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம்? வேட்டி கட்டிக்கொண்டு போக வேண்டாம், அவ்வளவுதான்.

குரங்குக்கு வடை கொடுத்த கதையை வெளியில் சொல்லாதீர்கள். இங்கே காட்டு விலங்குகளுக்குத் தீனி போடுவது குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. லஞ்சமாகக் கொடுத்ததென்று சொன்னாலும் விடமாட்டார்கள். பிளாஸ்டிக் பையைக் கண்டாலே சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். வடையை முதுகுப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதம் முழுக்க உங்கள் வீட்டுக்காரருடைய கூத்து. நடுவே போகிற போக்கில் ஒரு வரி: "என் ரயில் கார்டு எப்போதும் இவர் சட்டைப் பையில்தான் இருக்கும்." எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வேடிக்கைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கிருந்து நகர முடியவில்லை.

எந்த எம்ஆர்டி ரயில் நிலையத்திலும் காலை நேரத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பெரியவர் கதவுக்கு முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட இரண்டு கார்டை எடுப்பார். ரப்பர் பேண்டைக் கழற்றி விரலில் மாட்டிக்கொள்வார். மேலே இருப்பதை ஒரு தரம் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, அது மனைவியுடையதுதான் என்று தெரிந்ததும் தட்டி, "போ போ" என்பார். அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவு கடித்துவிடும் என்ற பயத்தோடு ஓடுவார். அப்புறம் இவர் தன் கார்டைத் தட்டிக்கொண்டு உள்ளே போய், இரண்டையும் சேர்த்து மறுபடி ரப்பர் பேண்டு போடுவார். பார்க்க அன்னியோன்னியமாகத்தான் இருக்கும். அந்த அம்மாளைத் தனியாக நிறுத்தி "இப்போது எந்த ஸ்டேஷனில் இருக்கிறீர்கள்" என்று கேட்டால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்.

அறுபது வயதானவருக்கு அரசாங்கம் தருகிற சலுகைக் கார்டு அம்மா அது. கணவருக்கு ஒன்று, அதில் மனைவி இலவச இணைப்பு என்று தருவதில்லை. உங்கள் பெயரில், நீங்கள் தனியாகவும் பயணம் செய்யலாம் என்று தந்தது. அதை வாங்கின அன்றைக்கே அவர் கையில் கொடுத்திருப்பீர்கள்.

சிட்டி ஹாலில் கார்டு இல்லாததால் மாட்டிக்கொண்டதாக நினைக்கிறீர்கள், இல்லையா? நிலையத்துக்குள் இருக்கிற வரைக்கும் கார்டே வேண்டாம். ஈசூன், செம்பவாங் பக்கம் போகிற ரயில் எந்த மேடையில் வரும் என்று கேட்டு ஏறியிருந்தால், அடுத்த நிறுத்தம் தோபி காட். சில நிமிடங்களில் அவர் முன்னால் போய் நின்றிருக்கலாம். அல்லது நிலைய ஊழியரிடம் போய் "வீட்டுக்காரரைத் தவறவிட்டுவிட்டேன்" என்றால் போதும், ஆங்கிலம் கூட வேண்டியதில்லை, கையைக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள். அவர் போன் எண் மனப்பாடமாக இருந்திருந்தால் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் போனை வாங்கி அழைத்திருக்கலாம். நீங்கள் அழைக்கவில்லை, ஆகவே எண்ணும் தெரியாது. மடியில் பையை வைத்துக்கொண்டு, யாரோ வந்து எடுத்துப் போகட்டும் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். இத்தனை வருஷம் அவர் பின்னாலேயே அந்த ரயிலில் போய்வந்தும், எந்தப் பக்கத்து ரயில் வீட்டுக்குப் போகும் என்று ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்ததில்லை.

அவர் உங்களை அடக்கி வைத்திருக்கிறார் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எழுத்தில் அப்படித் தெரியவில்லை. எனக்கென்னவோ, இந்த ஏற்பாடு உங்களுக்கும் சௌகரியமாக இருந்திருக்கிறது என்றுதான் படுகிறது. கார்டு அவர் பையில் இருந்தால் வழி தப்பினாலும் குற்றம் அவருடையது, படகைத் தவறவிட்டாலும் குற்றம் அவருடையது. நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு "நான் அப்பவே சொன்னேன்" என்று சொன்னால் போதும். அந்த சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். பின்னால் உட்கார்ந்து மிதிக்கவே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 71 வயது மனிதர் உபின் மேட்டில் இரண்டு பேர் பாரத்தையும் ஒண்டியாக இழுத்தால் சேற்றில் விழாமல் என்ன செய்வார்? அந்தக் கதையில் நான் சிரித்தது உங்களைப் பார்த்துத்தான்.

சைக்கிளில் விழுந்தது பரவாயில்லை, சேலையைத் துவைத்துக்கொள்ளலாம். அதே உபினில், அதே வெயிலில், அவருக்குத் தலை சுற்றி ஓரமாக உட்கார்ந்துவிட்டார் என்று வையுங்கள். சாங்கி பக்கம் திரும்ப வேண்டுமென்றால் பன்னிரண்டு பேர் ஏறுகிற அந்தச் சின்னப் படகில்தான் வர வேண்டும். நீங்கள் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். போன் அவர் பையில். அதைத் திறக்காமலே அவசர அழைப்பு போட முடியும், ஆனால் எங்கே அழுத்துவது என்று உங்களுக்குத் தெரியாது. அவரோ பேசவில்லை. என்ன செய்வீர்கள்? அங்கேயும் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்காருவீர்களா?

கடுமையாகப் பேசுகிறேன் என்று தோன்றும். இதே கதையின் அடுத்த பாகத்தை எனக்கு எழுதுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டுக்காரர் போய்ச் சில மாதம் ஆகியிருக்கும். அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. அரசாங்கம் தருகிற சிடிசி பற்றுச்சீட்டு அவர் போனுக்கு வந்தது, அந்த போனைத் திறக்கத் தெரியவில்லை. வங்கி அட்டையின் ரகசிய எண் தெரியவில்லை. மருந்து வாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போக வேண்டும், எந்த பஸ் என்று தெரியாமல், மருமகள் எப்போது வேலை முடிந்து வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் கெட்டிக்காரப் பெண்கள், ஐம்பது பேருக்குச் சமைத்துப் போட்டவர்கள். தனியாக பஸ் ஏற அறுபது வயதில் பழகுவது ஒன்றும் கஷ்டமில்லை. பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டுப் பழகுவதுதான் கஷ்டம்.

நான் பழைய காலத்து ஆள். கணவனும் மனைவியும் சேர்ந்துதான் போக வேண்டும், சேர்ந்துதான் வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் சேர்ந்து போகிறவர்களில் ஒருவர் விழுந்தால் மற்றவர் அவரை வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அது மனைவியின் கடமை. சமைப்பதைவிட, துவைப்பதைவிடப் பெரிய கடமை. வழி தெரியாத மனைவி அந்தக் கடமையை எப்படிச் செய்வார்? கார்டை அவரிடம் கொடுத்து வைப்பது அவருக்குத் தருகிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு. இந்த இடத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஐயா, பாசத்தால்தான் வைத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. "அவ தொலைச்சிடுவா" என்பீர்கள். தொலைக்கட்டும், வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாம். போன வாரம் நீங்கள் கார்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆளைத் தொலைத்துவிட்டு வந்தீர்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? கப்பல் பட்டறையில் உங்களுக்குக் கீழே புதிதாக வந்த பையன்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். கருவி எல்லாவற்றையும் உங்கள் பையிலேயே வைத்துக்கொண்டா சொல்லிக்கொடுத்தீர்கள்? அப்புறம், அடுத்த தடவை ரயில் நிற்கும்போது அவர் முதலில் இறங்கட்டும், நீங்கள் பின்னால் இறங்குங்கள்.

மகனைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பெற்ற தாய் ஒரு மணி நேரம் நிலையத்தில் திக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டதும் சிரிப்பு வந்த பிள்ளையிடம் என்ன பேசுவது? அம்மாவுக்கு ஒரு போன் இருந்தால் போதும், கடமை முடிந்தது என்று நினைத்திருக்கிறான் போலிருக்கிறது. அது அப்பாவின் பையில் தூங்குகிறது என்பது அவனுக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பை மூடிவிட்டு, உங்கள் போனில் முதல் பக்கத்திலேயே அவன் எண்ணையும் அப்பா எண்ணையும் பெரிதாக வைத்துத் தரட்டும். நீங்கள் பத்து தடவை அழைத்துப் பழகும் வரை அவன் பொறுமையாக உட்காரட்டும். அவனுக்கு நடை பழக்கினபோது நீங்கள் உட்கார்ந்தீர்கள் அல்லவா? இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி, உங்கள் கைப்பையில் கார்டோடு சேர்த்து வையுங்கள். ஒன்றையாவது மனப்பாடம் செய்யுங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் தேக்காவுக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டும். ஈசூனில் ஏறுங்கள். தோபி காட்டில் இறங்கி, ஊதா நிறப் பலகையைப் பிடித்துக்கொண்டே போனால் வடகிழக்குப் பாதை வரும். உள்ளே நடை கொஞ்சம் நீளம், மின்படிகளும் நிறைய இருக்கும், அவசரப்படாதீர்கள், ஒரு ரயில் போனால் அடுத்தது வரும். அங்கே ஏறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. எந்தப் பக்கத்து ரயில் என்று சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். சந்தையில் கால் கிலோ நெத்திலியும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் வாங்குங்கள், உங்கள் கையால் காசு கொடுங்கள். வழியில் தப்பாக இறங்கினால் மறுபடி ஏறிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் எத்தனை தடவை சொதப்பியிருக்கிறார், அதையெல்லாம் எழுதித்தானே எனக்கு அனுப்பினீர்கள்?

அவர் "நானும் துணைக்கு வர்றேன், தள்ளி நின்னுக்கிறேன்" என்பார். வேண்டாம். புளோக்குக்குக் கீழே வரைக்கும்கூட வர வேண்டாம்.

ஐயா, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. அன்றைக்கு அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை போன் அடித்துக்கொண்டிருக்காதீர்கள். எடுக்காவிட்டால் பதற வேண்டாம், கையெல்லாம் மீனாக இருக்கும்.