உடலசைவைப் பார்த்து மனத்தைப் படித்துவிட முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு சாலை விபத்தில் சிக்கினேன். பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனாலும் இன்றுவரை காரில் ஏறி அமர்ந்ததும் தோள்கள் இறுகி, மூச்சு அடைத்துக்கொள்கிறது. மனநல ஆலோசகரிடம் பேச்சு சிகிச்சை பெறுகிறேன். பதற்றத்துக்கு மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். உடலசைவைக் கவனித்துச் செய்யும் ‘நடன அசைவு சிகிச்சை’யையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆலோசகர் இப்போது சொல்கிறார். எனக்கு நடனம் தெரியாது. நான் சொல்ல விரும்பாதவற்றை என் அசைவிலிருந்து கண்டுபிடித்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. இதனால் பலன் உண்டா? மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதற்றத்துக்குத் தரப்படும் மருந்துகள் பலவற்றைத் திடீரென விட்டால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, படபடப்பு ஆகியவை வரக்கூடும். அவற்றைப் பழைய நோயின் தீவிரம் என்றோ, புதிய சிகிச்சை ஒத்துக்கொள்ளவில்லை என்றோ தவறாக எண்ணிவிடுவீர்கள். மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவர் உங்களைப் பார்த்து, படிப்படியாகக் குறைப்பதே முறை.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அசைவைப் பார்த்து ஒருவரின் ரகசியத்தை யாராலும் படித்துவிட முடியாது. கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பவர் எதையோ மறைக்கிறார் என்பது போன்ற விளக்கங்களுக்கு மருத்துவத்தில் இடமில்லை. அவருக்குக் குளிரலாம், தோள் வலிக்கலாம், அது நெடுநாள் பழக்கமாகவும் இருக்கலாம். முறையாகப் பயின்ற சிகிச்சையாளர், அசைவு எப்படி நிகழ்கிறது என்பதைத்தான் பார்க்கிறார். நடனத் துறையைச் சேர்ந்த ருடால்ஃப் லாபன், 1928-இல் அசைவுகளைக் குறியீடுகளால் எழுதும் முறையை வெளியிட்டார்; பிற்காலத்தில் அசைவின் தன்மையை எடை, வெளி, காலம், ஓட்டம் என்னும் நான்கு கோணங்களில் விவரித்தார். அசைவு அழுத்தமாக இருக்கிறதா மென்மையாகவா, ஒரு புள்ளியை நோக்கிச் செல்கிறதா பரவலாகவா, சட்டென்று நடக்கிறதா நிதானமாகவா, தடையின்றி ஓடுகிறதா கட்டுப்பட்டு நிற்கிறதா என்று பார்ப்பதே அதன் சாரம். அவரிடம் பயின்ற இர்ம்கார்ட் பார்டெனீஃப், பின்னர் இயன்முறை சிகிச்சையும் கற்று, போலியோவால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதில் இந்தப் பார்வையைக் கொண்டுவந்தார். வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் நடனக் கலைஞர் மேரியன் சேஸ் 1942-இல் தொடங்கிய பணியும் குறிப்பிடத்தக்கது. பேச்சே எழாத நோயாளிகளின் அசைவைத் தாமும் செய்து காட்டி, அதன் வழியாக அவர்களோடு உறவை ஏற்படுத்திக்கொண்டார். அந்த நோயாளிகளுக்கும் நடனம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உங்களைப் போன்ற ஒருவருக்கு இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். எழும்பும் அந்த ஒரு கணத்தில் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம், தாடை இறுகலாம், பாதத்தை ஊன்றுவதற்கு முன்பே தோள் மேலே ஏறிவிடலாம். ‘எழும்போது மூச்சு நின்றதுபோல் எனக்குத் தோன்றியது, உங்களுக்கு என்ன தெரிந்தது?’ என்று சிகிச்சையாளர் கேட்பார். அவர் பார்த்தது சரிதானா என்பதைச் சொல்ல வேண்டியவர் நீங்களே. பிறகு அதே அசைவைப் பாதி வேகத்தில், முதலில் பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி செய்து பார்க்கச் சொல்வார். இதில் பழகியபின், ஓடாமல் நிற்கும் காரில் அமர்ந்து அதையே செய்வது அடுத்த கட்டமாக இருக்கலாம்.

இதன் பின்னால் உடலியங்கியல் இருக்கிறது. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்கு இடைவிடாமல் தெரிவிக்கின்றன. இதயத் துடிப்பு, மூச்சு போன்ற உள்ளுறுப்புச் செய்திகளும் அங்கே போய்ச் சேர்கின்றன. ஆபத்து நேர்ந்தபோது இறுகிய உடல், அதை நினைவூட்டும் சூழலில் மீண்டும் இறுகும்போது, அந்த இறுக்கமே மூளைக்கு எச்சரிக்கையாகிப் பதற்றத்தைக் கூட்டுகிறது. மூச்சை நிதானமாக வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது என்பதால், இந்தச் சுழற்சியில் நாமாகக் கைவைக்கக்கூடிய இடம் மூச்சு.

பலனைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டியது என் கடமை. மனச்சோர்வுக்கு நடன அசைவு சிகிச்சை பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் சேர்க்கத் தகுந்தவை 3 ஆய்வுகள், 147 பேர் மட்டுமே. உறுதியான முடிவுக்கு அது போதவில்லை. 275 மனச்சிதைவு நோயாளிகளிடம், இதற்கு நெருக்கமான உடல்சார் உளசிகிச்சையை பிலாட்டீஸ் உடற்பயிற்சியோடு ஒப்பிட்டு, 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. விபத்துக்குப் பிந்தைய மன அதிர்ச்சிக்கு இன்று வலுவான சான்று உள்ளவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்டு எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், இஎம்டிஆர் எனப்படும் கண்ணசைவு வழிச் சிகிச்சையும்தான். நீங்கள் பெறும் பேச்சு சிகிச்சை இவற்றில் ஒன்றா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அசைவுச் சிகிச்சையைவிட அதைத் தொடங்குவதே அவசரம். அதனுடன் துணையாகச் சேரும்போது அசைவுச் சிகிச்சை நல்ல உதவி என்றே கருதுகிறேன். குறிப்பாக, காரில் அமர்ந்தவுடன் எண்ணம் எழும் முன்பே உடல் இறுகிவிடும் உங்களுக்கு, உடலிலிருந்தே தொடங்கும் ஒரு பயிற்சி கைகொடுக்கக்கூடும்.

சிலருக்கு உடலைக் கவனிப்பதே பதற்றத்தைத் தூண்டிவிடும். கண்ணை மூடி நெஞ்சைக் கவனிக்கச் சொன்னதும் விபத்து மீண்டும் நடப்பதுபோல் தோன்றினால், அதைத் தாங்கிக்கொண்டு முன்னேற வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணைத் திறந்து, பாதத்தையும் உள்ளங்கையையும் உணர்ந்து, அறையில் உள்ள பொருட்களைப் பார்த்து, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தொடுவதற்கும் காணொளி எடுப்பதற்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் அனுமதியைக் கேட்காதவரிடம் போகாதீர்கள். ‘உங்கள் இடுப்பில் பழைய துக்கம் தங்கியிருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்பவரையும், மருந்தை விடச் சொல்பவரையும் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிகிச்சையாளர் மனநலச் சிகிச்சையிலும் பயிற்சி பெற்றவரா, உங்கள் ஆலோசகரோடு கலந்து பேசத் தயாரா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இதைத் தொடங்குமுன் ஒரு பொது மருத்துவரிடம் கழுத்தையும் தோளையும் காட்டிவிடுங்கள். விபத்தில் கழுத்துத் தசைநார்கள் பாதிக்கப்பட்டிருந்தாலும் தோள் இறுகும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். சில மனநல மருந்துகளால் கைநடுக்கமோ உடல் விறைப்போ ஏற்படுவதும் உண்டு. கார் சம்பந்தப்படாத நேரத்தில் நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, கை மரத்துப்போவதோ இருந்தால் அதைப் பதற்றம் என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.