பீரங்கிக் குண்டு விழும் இடம்: ஒரு வரிச் சூத்திரம் ஏன் போதவில்லை?

கேள்வி: ஏவும் வேகமும் கோணமும் தெரிந்தால் எறிபொருள் விழும் தூரத்தைப் பள்ளி இயற்பியல் ஒரே வரியில் தந்துவிடுகிறது. அப்படியிருக்க, பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிடக் கணினி தேவைப்பட்டது ஏன்? எங்கள் ஊருக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்த காலத்தில் இந்தக் கணக்கு தெரிந்திருந்ததா?
- கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: அந்தச் சூத்திரம் தவறன்று, ஆனால் அது காற்றே இல்லாத வெளிக்கு மட்டும் பொருந்தும். நொடிக்கு 684 மீட்டர் வேகத்தில், 45 பாகைக் கோணத்தில் புறப்படும் 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று, சூத்திரத்தின்படி ஏறத்தாழ 48 கிலோமீட்டர் செல்ல வேண்டும். இது தக்கலைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலான நேர்த்தொலைவுக்குச் சற்றே குறைவு. உண்மையில் அது சுமார் 18 கிலோமீட்டரில், அதாவது தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட தொலைவைச் சற்றுத் தாண்டிய அளவிலேயே விழுந்துவிடும். புறப்பட்ட கணத்தில் அக்குண்டின் மீது காற்றுத்தடை அதன் எடையைப்போல் மூன்று, நான்கு மடங்கு விசையுடன் செயல்படுவதே காரணம்.

டச்சுக் கம்பெனியின் படைத்தலைவரான டி லனாய் 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் பணியாற்றியவர். அவருடைய பொறுப்பில் உதயகிரியில் பீரங்கிகள் வார்க்கப்பட்ட அந்தக் காலத்தில் பீரங்கி வீரர்கள் பெரும்பாலும் பழக்கத்தையும் சோதனைச் சுடுதலையுமே நம்பினார்கள். குளச்சல் போருக்கு மறுஆண்டில்தான் இங்கிலாந்துக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ், தொங்கவிட்ட கனமான கட்டையில் குண்டைப் பாய்ச்சி, கட்டை எவ்வளவு ஊசலாடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். வெவ்வேறு தொலைவுகளில் அளந்தபோது காற்றுத்தடையின் உண்மையான வலிமை முதன்முறையாகத் தெளிவாயிற்று. அந்த ராபின்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்து, 1751-இல் கடலூரின் புனித டேவிட் கோட்டையில் காலமானார் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என விரும்புகிறேன்.

காற்றுத்தடை இருக்கிறது என்று அறிவது ஒன்று, அதைக் கணக்கில் சேர்ப்பது வேறு. குண்டின் வேகம் மாறினால் தடை மாறும். ஒலியின் வேகத்தை ஒட்டி அது திடீரென உயரும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறையும். ஆகவே பறக்கும் நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் வேகத்தையும் உயரத்தையும் புதிதாகக் கண்டு, அவற்றைக் கொண்டு அடுத்த துண்டைக் கணக்கிட வேண்டும். கூட்டல், பெருக்கல் போன்றவற்றை மட்டும் செய்யும் மேசைக் கணக்கு இயந்திரத்துடன் ஒருவர் ஒரே ஒரு பாதையை முடிக்க ஏறக்குறைய 20 மணி நேரம் ஆனது. பீரங்கிப் படையின் கையேட்டு அட்டவணைக்கோ இத்தகைய பாதைகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். 1946-இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினி இதற்காகவே திட்டமிடப்பட்டது. அது ஒரு பாதையை அரை நிமிடத்தில் முடித்தது. விமானத்திலிருந்து விழும் வெடிகுண்டுக்கும் கணக்கு இதுவே. தொடக்க வேகம் விமானத்தின் வேகம் என்பதே வேறுபாடு.

பூமியின் சுழற்சியும் கணக்கில் வரும். மேற்சொன்ன குண்டைக் கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டைக் கரையிலிருந்து நேர்கிழக்கே கடலை நோக்கிச் சுட்டால், அது சுமார் 10 மீட்டர் தெற்கே விலகும். பாரிசின் அட்சரேகையில் அதே விலகல் 60 மீட்டரை நெருங்கும். ஆனால் கிழக்கே சுடும் குண்டு சற்றுக் கூடுதலாகவும் மேற்கே சுடும் குண்டு சற்றுக் குறைவாகவும் செல்லும் விளைவு, நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் மாவட்டத்தில்தான் அதிகம்.